ஓனருக்கும் வாடகைக்காரருக்கும் நடுவில் ஒரு கதவு

வாடகை ஒப்பந்தங்களை ஆசையாக உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சுவரில் ஆணி அடிக்கலாமா, காலி செய்யும்போது பெயின்ட் யார் செலவு, நாய் வளர்க்கலாமா, குழாயில் வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். தீ என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. அகப்பட்டாலும், "எளிதில் தீப்பற்றக்கூடிய பொருட்களை வாடகைதாரர் வைத்திருக்கக் கூடாது" என்று எங்கிருந்தோ நகலெடுத்த வாக்கியம்தான். சோபா, மெத்தை, திரைச்சீலை எல்லாம் அந்தக் கணக்கில் வருமா என்று எழுதியவரும் யோசித்ததில்லை, கையெழுத்துப் போட்டவரும் கேட்டதில்லை.

இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வீட்டைக் கொடுத்தாச்சு, உள்ளே என்ன பண்றாங்கன்னு தினமும் வந்து பார்க்க முடியுமா?" என்பார் உரிமையாளர். "கட்டடம் அவருது, வாடகை வாங்குறார்ல, அவர்தான் பார்க்கணும்" என்பார் குடியிருப்பவர். இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய தீவிபத்து விசாரணைகளைப் படித்தால், பாதிப் பாதி நியாயங்கள் சந்திக்கும் அந்த இடுக்கு வழியாகத்தான் புகை போயிருக்கிறது என்று தெரியவரும்.

நான் இருப்பது தரைத்தளத்தில் கடைகளும் அலுவலகங்களும், மேலே வீடுகளுமாக உள்ள ஒரு கட்டடம். நான் வாடகைக்கு இருப்பவன். ஆனாலும் பராமரிப்புக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள், வேறு யாரும் வர மறுத்துவிட்டதால். அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதுக்கு வரும். கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒரு பொருள் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அதைத் திறக்க, பூட்ட, நிறுத்த, மாற்ற யார் கையால் ஆகும் என்று பார்த்தால் பொறுப்பு எங்கே என்பது சட்டென்று விளங்கிவிடும். இரண்டு கைகளும் படும் பொருள்கள் சில உண்டு. அவற்றைத்தான் பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட பொருள்களில் முதலாவது வீட்டு வாசல் கதவு.

2022 ஜனவரி 9. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி வீடு ஒன்றில் மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ பெரிதாகப் பரவவே இல்லை, அந்த வீட்டோடும் வெளியே இருந்த நடைவழியோடும் நின்றுவிட்டது. இறந்தவர்கள் 17 பேர், அவர்களில் 8 பேர் குழந்தைகள். எல்லாருடைய சாவுக்கும் காரணம் புகை. அந்த வீட்டில் இருந்தவர்கள் தப்பி ஓடியபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும். சாத்தவில்லை. மேலே 15ஆவது மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்து கிடந்தது. கீழே ஒரு கதவும் மேலே ஒரு கதவும் திறந்திருந்தால் நடுவிலுள்ள படிக்கட்டு முழுவதும் புகைபோக்கியாகிவிடும். மாடிகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் அந்தப் புகைபோக்கிக்குள்தான் இறங்கினார்கள்.

இதில் ஹீட்டர் குடியிருந்தவர்களுடையது. கதவு தானாகச் சாத்தும்படி வைத்திருக்க வேண்டியது கட்டட உரிமையாளரின் சட்டக் கடமை. அந்தச் சட்டத்தை நகரம் இறுக்கியதற்கும் ஒரு தீதான் காரணம். 2017 டிசம்பரில் அதே பிராங்ஸில் ஒரு குழந்தை அடுப்பைத் திருகி விளையாடியதில் தீப்பிடித்தது. தாய் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார், கதவு திறந்தபடி நின்றது. அன்று 13 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே தானியங்கிக் கதவு பற்றிய சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். சட்டம் இருந்தும் நான்கு ஆண்டு கழித்து அதே மாதிரி ஒரு கதவு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய் கதவைச் சாத்தவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது என்று தெரிந்துதான் கதவே தன்னைச் சாத்திக்கொள்ளும்படி செய்கிறார்கள். ஆகவே அந்தப் பொறுப்பு மனிதர்களின் நிதானத்தை நம்பாத ஒருவரிடம், அதாவது கட்டடத்தை நடத்துபவரிடம் இருப்பதுதான் முறை.

ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. எங்கள் கட்டடத்தில் தீத்தடுப்புக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு தொழில்நுட்பர் வந்தபோது நானும் கூடவே நடந்தேன். அவர் கதவை முழுதாகத் திறந்து விட்டார், பிறகு பாதி திறந்து விட்டார், கடைசியாக ஒரு கையளவு மட்டும் திறந்து விட்டார். மூன்று முறையும் கொண்டி போய்த் தன் குழியில் 'டக்'கென்று விழ வேண்டும். கடைசிச் சோதனையில்தான் பல கதவுகள் தோற்றன. நிலையைத் தொட்டபடி வந்து அப்படியே நின்றுவிட்டன. பார்க்கச் சாத்தியிருப்பது போலத்தான் இருக்கும், விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். பிறகு கதவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தார். கதவின் விளிம்பில் நீளவாக்கில் ஒரு பட்டை பதித்திருப்பார்கள். சூடேறினால் அது உப்பி இடைவெளியை அடைக்கும். ஒரு வீட்டில் அந்தப் பட்டையின் மேல் நான்கைந்து கோட்டிங் பெயின்ட். இன்னொரு வீட்டில் பட்டையே இல்லை, கதவு இறுக்கமாக இருந்ததென்று தச்சர் இழைத்துத் தள்ளியபோது அதுவும் சேர்ந்து போயிருந்தது.

கதவைத் தானாகச் சாத்த வைக்கும் டோர் குளோசரின் கையைக் கழற்றி மேலே மடக்கி வைத்திருந்த வீடுகளும் உண்டு. கேட்டால் காரணங்கள் வரும், எல்லாம் உண்மையான காரணங்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் குப்பை போட வெளியே வந்தால் கதவு சாத்திக்கொள்கிறது. வயதான அம்மாவால் தள்ள முடியவில்லை. குழந்தையின் விரல் மாட்டிக்கொண்டது. கீழே கடைக்காரர் ஒருவர் அட்டையை நான்காக மடித்துக் கதவுக்கு அடியில் செருகியிருந்தார். அட்டை நசுங்கி வழவழவென்றாகி, கதவின் ஓர் உறுப்பு போலவே ஆகிவிட்டிருந்தது. இவர்களில் யாரும் பொறுப்பற்றவர்கள் இல்லை. குளோசரின் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததால் அவரவர் கைக்கு வந்ததைச் செய்துகொண்டார்கள்.

இங்கேதான் சட்டங்களும் திணறுகின்றன. லண்டனில் 2009 ஜூலையில் லகனால் ஹவுஸ் என்ற அடுக்குமாடியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் ஆரம்பித்த தீயில் 6 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சதர்க் நகராட்சிக்கு 2017இல் அபராதம் விதித்தார்கள். அதே ஆண்டு ஜூன் 14இல், லண்டனிலேயே கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடி. நான்காவது மாடி வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜில் தொடங்கி, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியும் தகடுகள் வழியாக 24 மாடிக்கும் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவர்தான் முதன்மைக் காரணம், அதில் ஐயமே இல்லை. ஆனால் விசாரணையில் உள்ளேயிருந்த வீட்டுக் கதவுகள் பற்றியும் வந்தது. தானாகச் சாத்தும் கருவி இல்லாமலும் பழுதாகியும் பல கதவுகள் இருந்ததால் நடைவழிகளில் புகை நிறைந்தது.

அதுவரை இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணை, கட்டடத்தின் பொதுப் பகுதிகளுக்குப் 'பொறுப்பாளர்' ஒருவரைச் சொல்லி, வீட்டுக்குள் நுழையாமல் நின்றுகொண்டது. வீட்டு வாசல் கதவு வீட்டைச் சேர்ந்ததா, நடைவழியைச் சேர்ந்ததா என்பதில் ஆளுக்கொரு விளக்கம். 2021இல் தனிச் சட்டமே போட்டு, அந்தக் கதவும் வெளிச்சுவரும் பொறுப்பாளரின் கணக்கில்தான் வரும் என்று எழுதினார்கள். 2023 ஜனவரியிலிருந்து, 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில் பொதுவழிக் கதவுகளை 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வீட்டு வாசல் கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க 'முடிந்த முயற்சி எல்லாம்' எடுக்க வேண்டும். கிரென்ஃபெல் விசாரணைக் குழு எல்லாத் தீக்கதவுகளையும் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தது, அரசு வீட்டுக் கதவுக்குத் தளர்த்திக்கொண்டது. 'முடிந்த முயற்சி' என்று ஏன் எழுதினார்கள் என்று எங்கள் கட்டடத்தில் ஒரு வாரம் நடந்து பார்த்தால் புரியும். மணி அடித்தால் யாரும் இல்லை, இருந்தால் திறப்பதில்லை, திறந்தால் "ஓனர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்". கதவு உரிமையாளருடையதுதான், ஆனால் அதைத் திறக்கும் கை குடியிருப்பவருடையது.

கதவைப் பற்றி இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் யூஎல் ஆய்வகம் வீடுகளை எரித்துப் பார்த்துச் செய்த சோதனைகளில், கதவு சாத்தியிருந்த அறையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தபோது, திறந்திருந்த அறையில் 500 டிகிரியைத் தாண்டியது. இத்தனைக்கும் அவை சாதாரண அறைக் கதவுகள். கையில் இருக்கும் பாதுகாப்புகளில் இதைவிட மலிவானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

படிக்கட்டு வேறு வகைத் தகராறு. கதவிலாவது இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள், படிக்கட்டு எல்லாருக்கும் சொந்தம் என்பதால் யாருக்கும் சொந்தமில்லாதது. செருப்பு அலமாரி, சைக்கிள், பழைய மெத்தை, ஓட்டை ஃபேன், அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றும் 'ரெண்டு நாளைக்கு' என்று வந்தவை. இப்போது புதிதாக மின்சார ஸ்கூட்டர் பேட்டரி சேர்ந்திருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும், இரவு முழுக்க அங்கே ஒரு சார்ஜர் தொங்கும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் விறகு போல மெல்ல எரியாது. சீறிக்கொண்டு பிழம்பாக வெடிக்கும், அணைத்ததாக நினைத்த பிறகும் மறுபடி பற்றும். நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு மட்டும் இந்த பேட்டரித் தீக்களில் 18 பேர் இறந்தார்கள். வெளியேற ஒரே வழியாக இருக்கும் படிக்கட்டின் அடியில் அதை வைப்பதைப் பற்றி மட்டும் நான் எந்தச் சமாதானமும் கேட்கத் தயாராக இல்லை. ஆனால் "வைக்காதே" என்று பலகை எழுதி மாட்டினால் உரிமையாளரின் வேலை முடிந்துவிடாது. எங்கே வைக்கலாம் என்று ஓர் இடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரி படுக்கையறைக்குள் போகும், அது இன்னும் மோசம்.

படிக்கட்டின் இன்னொரு முனை பூட்டு. மொட்டை மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு, பின்பக்க வழிக்கு ஒரு கிரில் கேட், கடைகளுக்குப் பின்னால் இரவில் இழுத்துப் பூட்டும் ஷட்டர். பூட்டுபவருக்குத் திருட்டுப் பயம், அதையும் தட்டிக்கழிக்க முடியாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்ததும் இந்தப் பயத்தால்தான். ஆஷ் என்பவருடைய பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களை அந்தத் தொழிற்சாலை வாடகைக்கு எடுத்திருந்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடு போகாமல் இருக்கத் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே வழியாக வெளியேறிப் பையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பின்பக்கம் வெளிச்சுவரில் இரும்பு ஏணிப்படி ஒன்று இருந்தது. கூட்டம் ஏறியதும் அது வளைந்து பெயர்ந்து விழுந்தது. பூட்டு வாடகைக்காரர் கை, ஏணிப்படி கட்டட உரிமையாளர் கை. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. வழக்கு தொழிற்சாலை நடத்திய இருவர் மேல் நடந்தது, பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாமல் அந்த டிசம்பரிலேயே விடுதலையானார்கள். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தீத்தாங்கும் கட்டடம் என்று பெயர் வாங்கியது, அந்தப் பெயருக்கு ஏற்ப இன்றும் நிற்கிறது, பல்கலைக்கழக வகுப்பறைகளாக.

உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன. திருட்டுக்கும் தீக்கும் சேர்த்து ஒரே பதில் அது. அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் கூட்டங்கள் நடக்கின்றன.

அடுத்தது வயரிங். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். குடியிருப்பவர் புதிதாக ஒரு ஏசியோ வாட்டர் ஹீட்டரோ மாட்டுகிறார். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார். அவர் வந்து 16 ஆம்பியர் எம்சிபியை, அதாவது அந்த பிரேக்கரை, கழற்றி 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு விழவே இல்லை, எல்லாருக்கும் மகிழ்ச்சி. சுவருக்குள்ளே போகும் வயர் மட்டும் பழைய 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்தான். எம்சிபி இருப்பது ஏசியைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் துண்டிப்பதுதான் அதன் ஒரே வேலை. அதைப் பெரிதாக்கினால், இனி முதலில் சூடாகி உருகப்போவது சுவருக்குள் இருக்கும் வயரின் உறை. அடுத்த குடித்தனம் வரும்போது இது யாருக்கும் தெரியாது. ஓனருக்கே தெரியாது. சுவருக்குள் இருப்பது அவர் சொத்து, அதைக் கெடுத்தவர் எப்போதோ காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை மெல்லிய வயருள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பாக்ஸ் சூடாகும் என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். ஓர் அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட் வைத்துக் கட்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் அந்த வீட்டில் எத்தனை பிளக் பாயின்ட் குறைகிறது என்று தெரிந்துவிடும்.

எம்சிபியும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் நல்ல நிலையில் இருந்தாலும் பிடிபடாத ஒன்று உண்டு: தளர்ந்த இணைப்பு. சுவிட்சுக்குப் பின்னால் திருகு லேசாகக் கழன்றிருக்கும். மின்னோட்டம் அளவோடுதான் போகும், கசிவும் இருக்காது, ஆனால் அந்த ஒரு புள்ளி மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது பழுப்பேறிய சுவிட்ச் தட்டும், பிளாஸ்டிக் கருகும் வாசனையும்தான். இவை இரண்டும் வீட்டில் இருப்பவர் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டுமே தெரியும். சரிசெய்யும் அதிகாரம் பல ஒப்பந்தங்களில் அவருக்கு இல்லை. ஆகவே சொல்ல வேண்டியது குடியிருப்பவர், உடனே ஆள் அனுப்ப வேண்டியது உரிமையாளர். வாயால் சொன்னால் போதாது, படம் எடுத்துத் தேதியோடு அனுப்பி வைப்பது நல்லது. பின்னால் வழக்கு என்று வந்தாலும் காப்பீடு என்று வந்தாலும் அதுதான் பேசும். காப்பீடு என்றதும் ஒன்று: உரிமையாளர் கட்டடத்துக்கு எடுத்திருக்கும் காப்பீடு உங்கள் கட்டிலுக்கும் கணினிக்கும் சேராது. பலர் சேரும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி விஷயத்தில் சில நாடுகள் தெளிவாகவே பிரித்துக் கொடுத்துவிட்டன. பிரான்சில் 2015 மார்ச்சிலிருந்து எல்லா வீட்டிலும் கட்டாயம். வாங்கி மாட்டுவது உரிமையாளர், பராமரிப்பது குடியிருப்பவர். இங்கிலாந்தில் உரிமையாளர் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று மாட்டி, குடிவரும் நாளில் வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். பிறகு பொத்தானை அமுக்கிப் பார்ப்பது இருப்பவர் வேலை. பழுது என்று சொன்னால் மாற்றித் தருவது மறுபடி உரிமையாளர். ஜெர்மனியின் பல மாநிலங்களில் கருவி இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது குடியிருப்பவர் தலையில்தான், உரிமையாளர் தானே ஏற்றுக்கொண்டால் ஒழிய. எனக்கு இங்கிலாந்து ஏற்பாடு பிடித்திருக்கிறது. வேலை இரண்டு பக்கமும் போய்வருகிறது, எந்த நாளில் யார் என்பதும் தெரிகிறது. சாவியை வாங்கும்போதே பொத்தானை அமுக்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டால், எங்கே இருக்கிறது, எப்படிக் கத்தும் என்பதாவது மனதில் நிற்கும். பத்து ஆண்டானால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, கருவியையே மாற்ற வேண்டும். பின்பக்கம் தேதி அச்சிட்டிருப்பார்கள்.

காரணமில்லாமல் அடிக்கடி கத்தும் அலாரம் இல்லாததைவிடக் கெடுதல். ட்வின் பார்க்ஸில் பலர் அலாரம் கேட்டும் வெளியே வரவில்லை. அங்கே அது வழக்கமாகவே அடித்துக்கொண்டிருந்தது என்று சொன்னார்கள். பொய்யலாரத்தைச் சரிசெய்யாத நிர்வாகம் உண்மையான அலாரத்தின் வாயையும் அடைத்துவிடுகிறது. தீயணைப்புக் கருவியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆசையில்லை. முள் பச்சையில் நிற்கிறதா, ஊசியைச் சுற்றிய முத்திரை அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில நொடிகளில் காலியாகிவிடும் என்று தெரிந்துகொண்டு, வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். மற்றதை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள்.

உள்வாடகை வந்துவிட்டால் கணக்கு இன்னும் குழம்பும். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கோஸ்ட் ஷிப் என்ற பழைய கிடங்கை ஒருவர் வாடகைக்கு எடுத்துக் கலைஞர்களுக்கு உள்வாடகைக்குப் பிரித்துக் கொடுத்தார். கிடங்கு என்றுதான் காகிதத்தில் இருந்தது, உள்ளே மக்கள் குடியிருந்தார்கள். மேல் தளத்துக்கு ஏறப் பலகைச் சட்டங்களை அடுக்கிச் செய்த படி. 2016 டிசம்பர் 2 இரவு இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். தீ எதனால் வந்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. தண்டனை பெற்றவர் நடுவில் இருந்த அந்த முதன்மை வாடகைக்காரர். கட்டட உரிமையாளர்கள் மேல் குற்ற வழக்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்க்காமல் வாடகை மட்டும் வாங்கினால் எதுவும் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை எல்லா ஊர் உரிமையாளர்களுக்கும் உண்டு. தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒருவர் எடுத்துக்கொள்ளும் முயற்சியையும் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடையும் வீடும் சேர்ந்த கட்டடங்களில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். கீழே கிடங்கில் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்பது மேலே தூங்குபவர்களுக்குத் தெரியாது. கீழ்த்தள அலாரம் அடித்தால் மேலே கேட்குமா என்று கீழே இருப்பவர் சோதித்ததில்லை. ஒரே கட்டடத்தில் பொறுப்பாளர்கள் பலர் இருந்தால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசியாக வேண்டும் என்று இங்கிலாந்து ஆணையில் ஒரு பிரிவு இருக்கிறது. நம்மில் பலர் பேசிக்கொள்வதே வண்டி நிறுத்துமிடத் தகராறில்தான்.

'சரிபாதிப் பொறுப்பு' என்று சொல்லி முடித்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு தரப்பும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. புகார் சொன்னால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களோ, வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் கருகிய சுவிட்சை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிரென்ஃபெல்லில் குடியிருந்தவர்கள் பயப்படாமல் எழுதினார்கள், தீ வருவதற்கு முன்பே பலமுறை எழுதினார்கள். தொந்தரவு தருபவர்கள் என்று பெயர்தான் கிடைத்தது. அதனால் இருப்பவரின் கடமை சொல்வது என்றால், சொன்னவருக்குப் பாதகம் வராமல் பார்த்துக்கொள்வது மற்றவரின் கடமை. அது எழுத்தில் இல்லாதவரை முதல் கடமையை வலியுறுத்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சில வரிகளைச் சேர்க்கச் சொல்லி எங்கள் வீட்டு உரிமையாளரிடம் கொடுத்தேன். வாசல் கதவின் குளோசரும் பட்டையும் அவர் செலவு, கழற்றாமல் வைத்திருப்பது என் வேலை. மெயின் போர்டில் எந்த மாற்றமும் இருவர் கையெழுத்து இல்லாமல் கூடாது, செய்தவர் பெயரும் தேதியும் போர்டு மூடியின் உள்பக்கம் எழுத வேண்டும். புகைக் கருவி அவர் வாங்குவது, மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நான். பழுது என்று எழுதி அனுப்பினால் இத்தனை நாளுக்குள் ஆள் வர வேண்டும், வராவிட்டால் நானே செய்து வாடகையில் கழித்துக்கொள்வேன். அதற்காக ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இத்தனை வருஷத்துல யாரும் இப்படி எழுதிக் கேட்டதில்லையே தம்பி, எதுவும் ஆயிருச்சா?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். குளோசர் வரியில் நின்றார். "உங்க பசங்க ஊஞ்சல் ஆடி உடைச்சா அதுக்கும் நானா?" நியாயமான கேள்வி. தேய்மானம் என்றால் அவர், உடைத்தது என்றால் நான் என்று திருத்தினோம். வாடகையில் கழிக்கும் வரியை அடித்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தன் எலக்ட்ரீஷியனின் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, நான் நேராகக் கூப்பிடலாம், பில் தனக்கு வரும் என்று கையெழுத்துப் போட்டார். நான் கேட்டதைவிட அதுவே மேல்.

மொட்டை மாடிச் சாவி இன்னும் தீரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று வைக்கலாம் என்பது என் யோசனை, உள்ளிருந்து தள்ளித் திறக்கும் பூட்டே போடலாம் என்கிறார் மூன்றாம் மாடிக்காரர். கீழ்க்கடைக்காரர்கள் தங்களுக்கு மாடியே தேவையில்லை என்பதால் பங்கு தர மாட்டோம் என்கிறார்கள். அட்டை செருகிய கதவைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்திருக்கிறேன்.